முப்பது நாளாய்த் தொடாதவை

உடைகுளத்தில் முதன்முதலாகக் காணாமல் போனது பேருந்து நிலையத்துத் தலைவர் சிலை. சிலையைச் சுற்றிப் போட்டிருந்த இரும்புக்கூண்டு அப்படியே நின்றது, கூண்டில் பூட்டு அப்படியே தொங்கியது, பூட்டின் சாவி பேரூராட்சி அலுவலகத்து ஆணியில் அப்படியே கிடந்தது, தலைவரை மட்டும் காணோம். திங்கட்கிழமை காலை பத்தேகால் மணி. மேலத்தெருக்காரர்கள் கம்பை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குக் கிளம்பினார்கள். கீழத்தெருக்காரர்களும் கம்பை எடுத்துக்கொண்டு மேலத்தெருவுக்குக் கிளம்பினார்கள், ஏனென்றால் அவர்கள் தலைவரையும் அவருடைய கூண்டுக்குள் காணோம். இரண்டு கூட்டமும் தேரடியில் முகத்துக்கு முகம் நின்று, இவர்கள் சிலையும் இல்லை அவர்கள் சிலையும் இல்லை என்று தெரிந்ததும், அடித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்காமல் கொஞ்ச நேரம் கம்பை ஊன்றி நின்றுவிட்டுத் திரும்பிப் போயின.

அந்த நேரத்தில் கூண்டடியில் பெருக்கிக்கொண்டிருந்தவள் சுடலி. பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், பதினேழு வருஷமாய்த் தற்காலிகம். அவள் குனியும்போது சிலை இருந்தது, நிமிரும்போது இல்லை. போய் மேஸ்திரி முத்துசெண்பகத்திடம் சொன்னாள். "பெருக்கித் தள்ளிட்டியா?" என்று கேட்டார் அவர்.

காரணம் பிற்பாடு தெரிந்தது. தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனாலும் சொல்லிவிடலாம். பேரூராட்சிக் கணினியில் எதை எங்கே வைப்பதானாலும் அனுமதி வேண்டும், அனுமதிக்குக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்கு அதிகாரி சீட்டில் இருக்க வேண்டும். 'தற்காலிகம்' என்று ஒரு இடம் இருந்தது, அதற்கு மட்டும் யார் அனுமதியும் வேண்டாம். ரெண்டு நாள் மூணு நாள் வைத்து எடுக்கிற சாமானுக்கான இடம் அது. அலுத்துப்போன ஊழியர்கள் எல்லாவற்றையும் அதிலேயே போட்டார்கள். தெருக்கள், குழாய்கள், பிறப்பு, இறப்பு, சிலைகள், மரங்கள், ஆட்கள். பன்னிரண்டு வருஷமாய் உடைகுளம் முழுசுமே தற்காலிகத்தில்தான் கிடந்தது. கணினி நிரம்பி மூச்சுத் திணறியபோது மதுரையிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார், தற்காலிகத்தில் முப்பது நாளாய் யாரும் தொடாதது எதுவானாலும் வேலைநாள் காலை பத்தேகாலுக்குத் தானாக அழியட்டும் என்று ஒரு வரி எழுதினார், டீ குடித்தார், பஸ் ஏறினார். அவர்மேல் குற்றமில்லை. எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்கிற வேலைதான் அது, வீட்டைப் பெருக்குகிற மாதிரி. தற்காலிகத்தில் ஊரையே வைத்திருப்பார்கள் என்று அவர் எப்படிக் கண்டார்?

சிலைகள் போன பிறகு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்து வரியை அழித்தார், அழித்த இடத்தைக் காட்டினார், வெறுமையாக இருந்தது. மறுநாள் பத்தேகாலுக்கு அரசுப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் தொட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று பதினோரு வருஷம் பூட்டி வைத்திருந்த நுண்ணோக்கி போனது. கணினியில் இல்லாத வரி ஊரில் இருந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் ஊர் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகாது. புகார்ப் பெட்டி போனது, அதை ஒருவரும் தேடவில்லை. அடிக்கல் நாட்டி ஒன்பது வருஷம் ஆன மருத்துவமனையின் அடிக்கல் போனது, அதன்மேல் படுத்துக்கிடந்த ஆடு தரையில் விழுந்து எழுந்தது. ஆடு படுத்தால் கணக்கில்லை, மனுஷக் கை பட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பரண்மேல் சீர்வரிசைப் பாத்திரங்கள் போயின, பீரோவுக்குள் கல்யாணப் பட்டுகள் போயின, படிக்காமல் வைத்திருந்த புத்தகங்கள் வரிசை வரிசையாகப் போயின. ஆகவே பெண்கள் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் உள்ள சகலத்தையும் தொட்டார்கள், பரணில் ஏறித் தொட்டார்கள், கட்டிலுக்கடியில் நுழைந்து தொட்டார்கள், சீப்பைத் தொட்டார்கள், செத்தவர் படத்தைத் தொட்டார்கள், பழைய காதல் கடிதத்தைப் புருஷனுக்குத் தெரியாமல் தொட்டார்கள், தொடாமல் விட்டுவிடலாமா என்று யோசித்துவிட்டு அப்புறம் தொட்டார்கள். வருஷத்துக்கு ஒருதரம் ஓடுகிற தேர் போய்விடுமோ என்று மாதத்துக்கு ஒருதரம் வடம் பிடித்தார்கள். வடம் தொட யாருக்கு உரிமை என்று மூன்று தலைமுறையாக வழக்காடியவர்கள், இத்தனை தரம் இழுக்க ஆள் போதாமல், காலனிக்காரர்களையும் கூப்பிடலாமா என்று கூட்டம் போட்டு, கூப்பிட வேண்டாம் என்று முடிவெடுத்துக் கை கொப்பளிக்க இழுத்தார்கள். பேரூராட்சி பத்தேகாலுக்குச் சங்கு ஊத ஏற்பாடு செய்தது. சங்கு நின்றதும் அவரவர் சுற்றிப் பார்த்து, இன்றைக்கு என்ன போச்சு என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்வார்கள். அரசு விடுமுறை நாளில் ஒன்றும் போகாது. பொங்கலுக்கு நாலு நாள் ஊரே நிம்மதியாக இருந்தது.

பிறகு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள்.

லாட்ஜில் தங்கியிருந்த நில அளவையாளர் முதல் ஆள். துணி வெளுக்கிறவர் துணி கொண்டுவந்து கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது, அவர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அடுத்து மேலத்தெருவில் ஒரு பெரியவர், மகன்கள் மூன்று பேரும் வெளிநாடு. காலனியில் ஒருத்தரும் போகவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்தால் யார் கை யார்மேல் படாமல் இருக்கும்? பெரிய வீடுகளில்தான் ஆட்கள் போனார்கள், ஆளுக்கொரு அறை இருந்த வீடுகளில்.

மன்றம் கூடித் தீர்மானம் போட்டது: தனியாக இருக்கிற முப்பத்தொரு பேருக்கு வாரம் ஒருதரம் தொடல் பணி. யார் தொடுவது? ஊரில் வேறு யாரும் தொடாததை யார் தொடுகிறார்களோ அவர்கள்தான். துப்புரவுப் பணியாளர்கள் ஏழு பேருக்கும் லிஸ்ட் பிரித்துக் கொடுத்தார்கள்.

"சாக்கடையும் நாங்கதான், உங்க ஆளையும் நாங்கதானா?" என்று சுடலி கேட்டாள்.

"வெளக்கம் கேக்காத. உன் லிஸ்டுல ஒரு ஆளு போனாலும் மஸ்டர்ல உன் பேரும் போகும். அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றார் மேஸ்திரி.

மேலத்தெருவில் சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். எட்டு வருஷமாய்ச் சாக்கடை அள்ளக் கையுறை கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள், வரவில்லை. இப்போது நாலு நாளில் பெட்டியோடு வந்து இறங்கியது, நல்ல கையுறை, முழங்கை வரைக்கும். சுடலி அதைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வாசலில் நிற்பாள், கதவு கொஞ்சமாகத் திறக்கும், ஒரு தோளோ முழங்கையோ வெளியே வரும், இவள் ஒரு விரல் வைப்பாள், கதவு சாத்தும். சிலர் அதற்கும் தோளில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள்.

இதில்தான் தப்பு நடந்தது. உடைகுளத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஜவுளிக்கடை வீட்டு சொர்ணத்தம்மாளுக்குச் சுற்றிலும் பதினோரு பேர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். ஆனால் அந்த அம்மாள் குளித்து மடி உடுத்திவிட்டால் யாரும் மேலே படக்கூடாது. அதனால் பதினோரு பேரும் தினம் ஒரு காய்ந்த பட்டுத்துணியை நடுவில் வைத்துப் பயபக்தியாகத் தொட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சங்கு ஊதி முடிந்தது. ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதே சங்குக்கு, கையுறையால் தொட்டு வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் போனார். அவரைத் தொட்ட துப்புரவுப் பணியாளர் செல்லக்கிளியின் பேர் அன்று மாலையே மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், அடிக்கப்பட்டது.

இன்னொருத்தர் தோலோடு தோல் பட வேண்டும். துணி சேராது, ரப்பர் சேராது. மறுநாள் காலை மேஸ்திரி சாக்கோடு வந்து நின்றார். "கையுறையெல்லாம் கழத்திக் கொடுங்க."

"சாக்கடைக்கு வேணும்லா?"

"அது ஆளைத் தொடத்தான் வந்தது. ஆளைத் தொட உதவாதுன்னு ஆயிப்போச்சு. திருப்பி அனுப்பணும்."

சுடலி கழற்றிச் சாக்கில் போட்டாள்.

மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். உயிர்ப்பயம் வந்தால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்கள். ஒரே ஒரு ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆவுடையப்பன் சார், அறுபத்தைந்து வயசு, அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றவர், பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, இரண்டு பக்கத்து வீட்டோடும் சுவர் வழக்கு. அவரைக் கடைசியாக வெறுங்கையால் தொட்டது முடி வெட்டுகிற தங்கப்பழம். முடி வெட்டிவிட்டுத் தங்கப்பழம் தூத்துக்குடிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தத் தேதி லிஸ்டில் இருந்தது. சுடலி போய் நின்றபோது இருபத்தொன்பதாவது நாள்.

"சார்வாள், கையுறை கிடையாது இனிமே. வெறுங்கைதான்."

சன்னல் கம்பிக்குப் பின்னால் முகம் தெரிந்தது. "அப்போ வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"வேண்டாம்னா வேண்டாம். போ."

"நாளையோட முப்பது சார்வாள்."

"எனக்கு எண்ணத் தெரியும். நான் கணக்கு வாத்தியார்."

"எண்ணத் தெரிஞ்சு என்ன செய்ய? நாளைக்குப் பத்தேகாலுக்கு எண்ண ஆளு இருக்காதே."

"போனா போறேன். இதுக்கு மேல இருந்து என்ன சாதிக்கப் போறேன்?"

"நீங்க போயிருவீய. எம்பேரையும்லா அடிப்பாவ."

அவர் சன்னல் கதவைச் சாத்தினார். சுடலி தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டில் சொன்னாள், எதிர்த்த வீட்டில் சொன்னாள், யாராவது போய் ஒரு விரல் வையுங்களேன் என்று. "லிஸ்டுல உன் பேருல்லா போட்டிருக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. லிஸ்டில் அவள் பேர்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மகள் இசக்கியிடம் சொல்லிப் புலம்பினாள். இசக்கிக்கு இருபத்திரண்டு வயசு, தையல் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பட்டன் வைத்துக் கொடுக்கிற வேலை. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, காலனிப் பிள்ளை நின்றால் யாரும் கேட்பதில்லை. சுடலி மட்டும் கேட்டாள், கேட்டுப் பதில் வராமல் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து அடித்தாள், தான் அள்ளுகிறதை மகள் அள்ளக்கூடாது என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிச் சொல்லி அடித்தாள். அப்போதும் பதில் வரவில்லை. எட்டு வருஷம் ஆகிறது.

"அந்த ஆளு போனா போகட்டும்மா" என்றாள் இசக்கி.

"ஏட்டி, மனுஷ உயிரு."

"சரி, உயிருதான். நான் இல்லைன்னு சொல்லலியே." தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "ஒம்பதாப்புல கணக்குல நான்தான் முதல் மார்க்கு. தெரியுமா உனக்கு?"

"தெரியாதே."

"ஆண்டுவிழாவுல எவர்சில்வர் டம்ளர் கொடுத்தாவ. ஒவ்வொருத்தருக்கா கையில கொடுத்து, தோள்ல கை போட்டு, போட்டோ. என் முறை வந்துச்சு. ஹெட்மாஸ்டரு டம்ளரை மேசையில வச்சாரு. வச்சுட்டு, எடுத்துக்கோன்னாரு. என்னைப் பாக்கலை. போட்டோக்காரரைப் பாத்து, இதுக்கு வேண்டாம்னு கைகாட்டினாரு." அவள் துருவலைத் தட்டில் தட்டினாள். "நான் எடுக்கலை. எறங்கி வந்துட்டேன். மொத்தப் பள்ளிக்கூடமும் கைதட்டிக்கிட்டு இருந்துச்சும்மா, யாருக்கும் ஒண்ணும் தெரியல. அப்படியே தட்டிக்கிட்டே இருந்தாவ."

சுடலி துருவல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அடிச்சேனே, அன்னைக்காவது சொல்லிருக்கலாம்லா?" என்றாள்.

"சொன்னா நீ என்ன செய்திருப்ப? மறுநாள் காலையில அந்த ஆளு வாசலைத்தான் பெருக்கியிருப்ப."

அடி வாங்கியது அன்றைக்கு மகள். வலித்தது இன்றைக்குத் தாய்க்கு.

முப்பதாவது நாள், வியாழக்கிழமை. விடுமுறை ஏதாவது உண்டா என்று சுடலி காலண்டரை இரண்டு தரம் பார்த்தாள், இல்லை. ஒன்பது மணிக்கே ஆவுடையப்பன் சார் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசி வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார், பயணம் போகிற ஆள் மாதிரி. ஆனால் விபூதி கோணலாக இருந்தது. போனா போறேன் என்று சொன்ன வாய் இன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"சரி. தொட்டுட்டுச் சீக்கிரம் போ" என்றார்.

சன்னல் கம்பிக்கு நடுவில் கையை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி.

சுடலி அந்தக் கையைப் பார்த்தாள். எலும்பும் நரம்பும் நகத்தில் சாக்பீஸ் வெளுப்புமாக ஒரு சாதாரணக் கை. ஒரு விரல் வைத்தால் முடிந்தது. அவர் இருப்பார், இவள் பேர் மஸ்டரில் இருக்கும், அடுத்த வாரமும் இந்தக் கை இதே கம்பி வழியாக வரும், அந்த முகம் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். பதினேழு வருஷமாய் யார் எதைத் தொடச் சொன்னாலும் தொட்டவள் அவள், செத்த நாயைத் தொட்டாள், அடைத்த குழியைத் தொட்டாள், ஆஸ்பத்திரிப் பஞ்சைத் தொட்டாள், ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை, அப்படி ஒரு சொல் தன் வாயில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

"மாட்டேன்" என்றாள்.

முகம் திரும்பியது. "என்னது?"

"என் மகளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தீயளே, ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கேன்."

"கொடுத்த பிள்ளைகளை மறக்கலாம் சார்வாள். கொடுக்காத பிள்ளை ஒண்ணுதானே? அதைக்கூடவா மறந்துட்டீய?"

அவர் கையைக் கம்பிக்குள் இழுத்துக்கொண்டார். ஞாபகம் வந்ததோ பயம் வந்ததோ, இரண்டும் ஒரே மாதிரித்தான் முகத்தில் தெரியும். "மணி என்ன?" என்றார்.

"ஒம்பதரை தாண்டிட்டு. நான் தொட மாட்டேன். இது என் கை. வேணும்னா நீங்க வந்து தொடுங்க. காலனிக் குழாயடியில தண்ணி வாற நேரம், அவ அங்கதான் இருப்பா."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த ஆள் வராவிட்டால் கொன்றது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே நடந்தாள், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நடந்தாள், தேரடி வரைக்கும் தாங்கி அப்புறம் திரும்பினாள். இருபதடி பின்னால் ஒரு குடை வந்துகொண்டிருந்தது. தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் இறங்கி வரவில்லை.

காலனிக் குழாயடியில் நாற்பது குடம். தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும், அதனால் அங்கே இடி, தள்ளு, ஏச்சு, சிரிப்பு, ஒருத்தி முழங்கை இன்னொருத்தி விலாவில், பிள்ளைகள் காலுக்கிடையில். இந்த உலகத்திலேயே ஒரு மனுஷனை யாரும் தொடாமல் இருக்க முடியாத இடம் அதுதான். ஆவுடையப்பன் சார் குடையை மடக்கிக்கொண்டு அதன் நடுவில் வந்து நின்றார்.

நின்றதும் சுற்றிலும் இடம் உண்டானது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. நெரிந்த கூட்டம் நெரிந்தபடியே அவரைச் சுற்றி ஒரு கை அகலம் விலகியது. அவர் இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம் விலகியது, வலப்பக்கம் நகர்ந்தால் வலப்பக்கம் விலகியது, ஓடி வந்த பிள்ளைகூட அவருக்கு ஓரடி முன்னால் வளைந்து ஓடியது. கோபமில்லை, பழிவாங்கல் இல்லை. மேலத்தெரு ஆள் வந்தால் ஒதுங்கு என்று பாலோடு ஊட்டியிருந்தது. உடம்பு தானாக ஒதுங்கியது. அவர் கையை நீட்டினார். நீட்டிய கைக்கும் ஒதுங்கினார்கள்.

சுடலிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்படி ஒதுங்க இசக்கிக்கு நடக்கப் பழக்கும்போதே பழக்கியவள் அவள்தான்.

மணி பத்து பன்னிரண்டு. இசக்கியின் குடம் நிறைந்தது. அவள் அதைக் குழாயடியிலிருந்து இழுத்துத் தரையில் வைத்துவிட்டு, அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"சார், என்ன வேணும்?"

"நீ… சுடலி மகள்."

"எனக்கும் பேரு இருக்கு. அட்டெண்டன்ஸ்ல தினம் வாசிச்சீங்க."

"நேரமாகுது" என்றார் அவர். "தொடேன்மா யாராவது."

"இங்க வந்து காணாமப் போயிறாதீங்க சார். நீங்க போனா எங்க தெருவுலதான் போலீசு வரும், எங்க அண்ணம்மாரைத்தான் ஜீப்புல ஏத்துவாவ. போறதுன்னா உங்க தெருவுக்குப் போய் அங்கன நின்னு போங்க."

கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது வேடிக்கையில்லை, நடக்கிற விஷயம். அவர் தெருமுனையைப் பார்த்தார். அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்று கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும்.

இசக்கி குனிந்து குடத்தின் வாயை ஒரு கையால் பிடித்தாள், மறு கையை அடியில் கொடுத்தாள். "இதை இடுப்புல தூக்கிவிடுங்க."

"என்ன?"

"குடத்தை. ஒத்தையில தூக்க முடியாது. பிடிங்க சார், தண்ணி நிக்கப் போவுது, பின்னால ஆளு நிக்காவ."

அவர் குடத்தைப் பார்த்தார். பித்தளை இல்லை, பச்சைப் பிளாஸ்டிக் குடம், அடியெல்லாம் சேறு. தண்ணீரில் நனைந்து அவள் விரல்கள் அடியிலும் வாயிலும் இருந்தன. பிடிக்கிற இடமெல்லாம் அந்த விரல்கள்தான். கையைக் கொண்டுபோனார், நிறுத்தினார், மறுபடி கொண்டுபோனார். தொட மனசு வந்ததா, சாக மனசு வரவில்லையா, அது அவருக்கே தெரிந்திருக்காது. சுடலி பார்த்தவரைக்கும் அவர் கண்ணை மூடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். குனிந்தார், முதுகு கடக் என்றது, அவள் விரல்களுக்கு மேலேயே விரல்களை வைத்துப் பிடித்துத் தூக்கினார். சங்கு ஊதியது.

நீளமாக ஊதி ஓய்ந்தது. குடம் இசக்கியின் இடுப்பில் இருந்தது. அவர் சட்டையெல்லாம் ஈரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

இசக்கி நன்றி சொல்லவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. குடத்தை ஒரு ஆட்டு ஆட்டிச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அடுத்தவள் குழாயைப் பிடித்தாள், இடி மறுபடி ஆரம்பித்தது, இந்த முறை யாரோ ஒருத்தியின் குடம் அவர் தொடையில் மோதியது, "மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க சார்" என்றாள் அவள்.

மேஸ்திரி முத்துசெண்பகம் மொபெட்டில் வந்து விழாத குறையாக இறங்கினார். லிஸ்டும் பேனாவும் கையில். "இருக்காரா? இருக்காரு! அப்பாடா. சுடலி, நீதான தொட்ட?"

"நான் தொடல."

"பெறகு யாரு தொட்டா? இந்தக் கட்டத்துல தொட்டவர் பேரு எழுதணும். காலியா விடக்கூடாது, மேல கேப்பாங்க."

"நான் தொடலன்னுட்டேன். அவரைக் கேளுங்க."

மேஸ்திரி அவர் பக்கம் திரும்பினார். "சார், யாரு உங்களைத் தொட்டது?"

அவருக்குத் தப்பிக்க வழி இருந்தது. கூட்டத்தில் யாரையாவது கைகாட்டியிருக்கலாம், சுடலியையே காட்டியிருக்கலாம், மேஸ்திரி அதை எழுதிக்கொண்டு போயிருப்பார், எல்லாருக்கும் சௌகரியம். அவர் தன் கையைப் பார்த்தார். விரல் நுனியில் சேறு இருந்தது. இசக்கி இடுப்பில் குடத்தோடு, தண்ணீர் தளும்பாமல், தெருவின் பாதி தூரம் போயிருந்தாள்.

"யாரும் என்னைத் தொடல" என்றார். பிறகு, வாய்க்குள்ளேயே, "நான்தான் தொட்டேன்."

பேனா நின்றது. பக்கத்தில் இருந்த நாலைந்து பேருக்குக்கூட அது கேட்கவில்லை, குழாய்ச் சத்தம். சுடலிக்குக் கேட்டது. அவள் தெருவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க சார்வாள்" என்றாள். "அவ இன்னும் முக்குத் திரும்பல."